அட்லாண்டிக் தீவுகளின் பழைய வரைபடங்களும் அவற்றை விற்ற கடைக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தீவுகள், எந்தக் காலம்?

அசோர்ஸ், மதீரா, கேனரி, கேப் வெர்டே, செயின்ட் ஹெலினா, அசென்ஷன், பெர்முடா, வடக்கே ஐஸ்லாந்து. இவற்றோடு கடலில் இல்லவே இல்லாத சில தீவுகளும் உண்டு. அவற்றுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. காலம், அச்சு வரைபடம் கடைச்சரக்கான 16ஆம் நூற்றாண்டிலிருந்து 1850கள் வரை. கரீபியன் தீவுகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சர்க்கரைத் தோட்டங்களால் அங்கே வரைபடச் சந்தையே வேறு மாதிரி வளர்ந்தது.

அளந்து வரைந்தவரை விட்டுவிட்டு, பதிப்பாளர் பெயரை முதலில் பார்க்கச் சொல்கிறீர்களே, ஏன்?

தீவை நேரில் பார்த்து அளந்தவர் ஒருவர். அதை வைத்துச் சம்பாதித்தவர்கள் பத்துப் பேர். ஆம்ஸ்டர்டாமில் பெர்முடா வரைபடம் விற்றவர்கள் பெர்முடாவில் கால் வைத்ததில்லை. ஆனால் எந்தத் தீவுக்கு முழுப் பக்கம், எந்தத் தீவு மூலையில் ஒரு சிறு கட்டத்தில், யாருடைய குலச்சின்னம் மேலே, எந்த மொழியில் விளக்கம் என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்தார்கள். புது அளவை எடுப்பது செலவு. பழைய அச்சுத் தகட்டில் பெயரை மாற்றுவது மலிவு. ஒரு தீவு நூறு வருடம் ஒரே உருவத்தில் தாளில் இருந்ததற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம். அளந்தவரின் பெயரை மட்டும் தேடினால் இது கண்ணில் படாது.

இந்த வியாபாரம் எப்படி நடந்தது?

முதலீடு செப்புத்தகட்டில். தேர்ந்த செதுக்குபவர் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து, எழுத்துகளையும் கரைகளையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தகடு தயாரானதும் அதில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கில் படிகள் எடுக்கலாம். தேயத் தேயக் கோடுகள் மெலியும்; அப்போது ஆழப்படுத்தி மறுபடி அச்சிடுவார்கள்.

ஆகவே பதிப்பாளரின் சொத்து என்றால் தகடுதான். அது பரம்பரையாக வந்தது, வரதட்சணை போல மருமகன் கைக்குப் போனது, ஏலத்தில் விலைபோனது. திருத்தம் வேண்டுமானால் அந்த இடத்தைச் சுரண்டி, பின்புறத்திலிருந்து தட்டி மேடாக்கி, தேய்த்துச் சமன் செய்து புதிதாகச் செதுக்குவார்கள். புது முதலாளி வந்ததும் பெரும்பாலும் இப்படி மாறுவது ஒரே ஒரு இடம்: கீழே இருக்கும் 'இன்னார் கடையில் விற்கப்படும்' என்ற வரி. அந்த வரியைக் கூர்ந்து பார்த்தால், சரியாக அழியாத பழைய பெயரின் கீறல்கள் சில படிகளில் தெரியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

பெர்முடாவை விட நல்ல உதாரணம் கிடையாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1609 ஜூலையில் வர்ஜீனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'சீ வென்ச்சர்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கி பெர்முடாவின் பவழப் பாறைகளில் ஏறி நின்றது. அதிலிருந்து ஆங்கிலக் குடியேற்றம் பிறந்தது. 1615இல் இந்தத் தீவை நடத்துவதற்கென்றே லண்டனில் ஒரு பங்குக் கம்பெனி உருவானது. பங்குதாரர்களுக்கு அவரவர் நிலம் எங்கே என்று தெரிய வேண்டாமா? ரிச்சர்ட் நார்வுட் என்ற இளைஞரை அளக்கச் சொன்னார்கள். அவர் அங்கே போனது முத்துக்குளிக்க. முத்து சரியாகக் கிடைக்காததால் அளவைக்காரரானார். 1617 வாக்கில் அளவை முடிந்தது. தீவை எட்டுப் பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 50 பங்குகள், பங்குக்கு 25 ஏக்கர் என்று பிரித்தார். செயின்ட் ஜார்ஜ் பகுதி மட்டும் பொது நிலம். சாண்டிஸ், சவுத்தாம்ப்டன், வாரிக், பேஜெட், பெம்ப்ரோக், டெவன்ஷயர், ஸ்மித், ஹாமில்டன் என்று முதலாளிகளின் பெயர்களே பிரிவுகளுக்கும் வைக்கப்பட்டன. இன்றைக்கும் பெர்முடாவின் நிர்வாக வட்டங்களுக்கு இவைதான் பெயர்கள். நார்வுட் சாதாரண ஆள் இல்லை. பின்னால் 1630களில் லண்டனிலிருந்து யார்க் வரை தரையை அளந்து, பூமியின் ஒரு பாகை எவ்வளவு தூரம் என்று நல்ல துல்லியத்தோடு கணக்கிட்டவர்.

இப்போது கடைக்காரர்கள் வருகிறார்கள். லண்டனில் ஜார்ஜ் ஹம்பிள், ஆங்கில வரைபடக்காரர் ஜான் ஸ்பீடின் வரைபடங்களை வெளியிட்டு விற்றவர். கடை, வணிகர்கள் கூடும் ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே போப்ஸ் ஹெட் சந்தில். உலக அட்லஸ் ஒன்றுக்கு அவருக்குப் பெர்முடா தேவைப்பட்டது. தகட்டைச் செதுக்கியது லண்டன்காரர் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஆபிரகாம் கூஸ். அன்றைய லண்டன், நல்ல செதுக்கு வேலைக்கு ஹாலந்தைத்தான் நம்பியிருந்தது. தகட்டில் ஆண்டு 1626. அட்லஸ் வந்தது 1627இல். ஸ்பீட் 1629இல் இறந்துவிட்டார். தகடோ இன்னும் அரை நூற்றாண்டு உழைத்தது. முதலில் ஹம்பிள் குடும்பம், 1662 பதிப்பில் ரோஜர் ரே, 1676 பதிப்பில் தாமஸ் பாசெட்டும் ரிச்சர்ட் சிஸ்வெல்லும். ஒவ்வொரு முறையும் மாறியது விற்பவர் பெயர். தீவு மாறவில்லை.

அதற்குள் ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் பிளாவ் என்ற பதிப்பாளர் தன் பங்குக்கு ஒரு பெர்முடாவைச் செதுக்கி 1630இல் வெளியிட்டார். அதே ஊரின் இன்னொரு பதிப்பாளர் குடும்பமான ஹோண்டியஸும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் நார்வுட்டின் ஒரே அளவை. எல்லாவற்றிலும் கீழே பங்குதாரர்களின் பட்டியல்! ஹாம்பர்க்கில் இருந்த ஒரு வாசகருக்கு, பெர்முடாவில் எந்த ஆங்கிலப் பிரபுவுக்கு எத்தனை பங்கு என்பது எதற்கு? எதற்கும் இல்லை. மூலத்தில் இருந்தது, அப்படியே நகலில் வந்தது.

இன்னொரு வேடிக்கை, இந்த வரைபடத்தில் இரண்டு அளவுத்திட்டங்கள். நடுவில் தீவு பிரம்மாண்டமாக இருக்கும். அதே தாளின் ஓரத்தில் வர்ஜீனியா, நியூ இங்கிலாந்து கரைகள் மிகச் சிறிய அளவில் ஓடும். அந்தச் சிறிய அளவிலேயே பெர்முடா ஒரு புள்ளியாக மறுபடி வரும். முதல் முறை பார்ப்பவர்கள் தீவு அமெரிக்காவை விடப் பெரியது என்று நினைத்துக் குழம்புவார்கள். முதலீட்டாளருக்கு இரண்டும் வேண்டியிருந்தது: என் நிலம் எங்கே, அந்தத் தீவே எங்கே.

பிளாவும் யான்சோனியஸும் எதிரிகளாமே?

ஒரே தெருவில் இரண்டு ஜவுளிக்கடை வைத்தவர்களைப் போல ஐம்பது வருடம் மோதினார்கள். வில்லெம் யான்சோன் டென்மார்க்கின் வானியலாளர் டைகோ பிராஹேயிடம் பயின்றுவிட்டு ஆம்ஸ்டர்டாமில் கடை போட்டவர். பக்கத்திலேயே யொஹானஸ் யான்சோனியஸ். பெயர்க் குழப்பத்தில் வாடிக்கையாளர் தவற, வில்லெம் 1621 வாக்கில் 'பிளாவ்' என்று சேர்த்துக்கொண்டார். இது தேதி கண்டுபிடிக்கவும் உதவும்: 'பிளாவ்' இல்லாமல் அவர் கையெழுத்து இருந்தால், தகடு பெரும்பாலும் அதற்கு முந்தியது.

யான்சோனியஸ், மூத்த யொடோகஸ் ஹோண்டியஸின் மருமகன். ஹோண்டியஸ் 1604இல், 16ஆம் நூற்றாண்டின் பெரிய வரைபடக்காரரான மெர்காடரின் அட்லஸ் தகடுகளை வாங்கி 1606இல் புதுப் பதிப்பு போட்டவர், ஆக மெர்காடர் பெயர் அந்தக் குடும்பத்தின் சொத்து. 1629இல் இளைய ஹோண்டியஸ் இறந்ததும், நாற்பதுக்குச் சற்றுக் குறைவான அவருடைய தகடுகளை பிளாவ் வாங்கிவிட்டார்! ஹோண்டியஸ் பெயரை அழித்து, தன் பெயரைச் செதுக்கி, 1630இல் அட்லஸாக விற்றார். எதிர்த் தரப்பான யான்சோனியஸும் ஹோண்டியஸ் குடும்பமும் சும்மா இருக்கவில்லை. அதே வரைபடங்களைப் பார்த்து அப்படியே புதுத் தகடுகள் செய்யச் சொல்லிச் செதுக்குபவர்களோடு அதே ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். கேனரித் தீவுகளையோ பெர்முடாவையோ இரு வீட்டுப் பதிப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு மாதிரி இருப்பது இதனால்தான்.

வில்லெம் 1638இல் இறந்த பிறகு மகன் யோவான். 1662இல் லத்தீனில் 11 தொகுதிகளாக 'அட்லஸ் மாயோர்' வந்தது, ஏறத்தாழ 600 வரைபடங்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சில் 12 தொகுதிகள். நிறம் தீட்டியதன் விலை 450 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) வரை. அந்த நூற்றாண்டில் காசு கொடுத்து வாங்கக்கூடிய அச்சுப் புத்தகங்களில் அதிக விலை இதற்குத்தான் என்பார்கள். 1672 பிப்ரவரியில் அச்சகம் தீப்பிடித்தது. யோவான் அடுத்த ஆண்டு இறந்தார். தப்பிய தகடுகள் ஏலத்தில் சிதறி வேறு கடைகளில் புதுப் பெயர்களோடு மறுபடி பிறந்தன.

ஓர்டேலியஸின் அசோர்ஸ், ஐஸ்லாந்து வரைபடங்கள் ஏன் இவ்வளவு புகழ்?

ஓர்டேலியஸ் ஆண்ட்வெர்ப்பில் வரைபடங்களுக்கு நிறம் தீட்டித் தொழில் தொடங்கியவர். பிறகு வாங்கி விற்றார், பிறகு 1570இல் ஒரே அளவுத் தாளில் வரைபடங்களைத் தொகுத்து ஒரு புத்தகமாகப் போட்டார். முதல் நவீன அட்லஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரரின் மூளை அதில் தெரியும்: அளவு வெவ்வேறான தாள்களை மூட்டையாக வைத்திருந்த வியாபாரிக்கு, புரட்டிப் பார்க்க ஒரு புத்தகம். 1612 வரை சுமார் 7,300 படிகள் விற்றதாகக் கணக்கு. இன்னொன்று, தனக்கு உதவிய வரைபடக்காரர்களின் பட்டியலை அவர் நூலிலேயே அச்சிட்டார். இந்தத் தொழிலில் அது அபூர்வமான நாகரிகம்.

அசோர்ஸ் வரைபடம் லூயிஸ் டெய்ஷெய்ரா என்ற போர்ச்சுகீசியர் வரைந்தது. அட்லஸில் சேர்ந்தது 1584இல். போர்ச்சுகல் மன்னராட்சிக்கு உழைத்த ஒரு வரைபடக்காரரின் வேலை, ஆண்ட்வெர்ப் கடை வழியாக ஐரோப்பா முழுவதும் போனது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் மற்றவர்கள் போட்ட அசோர்ஸ் எல்லாம் இதன் வாரிசுகள்.

ஐஸ்லாந்து கதையே வேறு. மூலம் ஹோலார் நகரின் பிஷப் குட்பிராந்துர் தோர்லாக்சன் தந்தது என்கிறார்கள். உள்ளூர்க்காரர் என்பதால் இடப்பெயர்கள் ஏராளம். 1590இல் வெளியானது. ஆனால் எல்லோரும் பார்ப்பது சுற்றிலும் கடலில் நீந்தும் மிருகங்களைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து போட்டு, தாளின் பின்பக்கத்தில் 'இதைத் தின்றால் சாவாய்' ரகத்தில் விளக்கம். ஹெக்லா எரிமலை நெருப்பைக் கக்கும். பனிக்கட்டிகளில் கரடிகள் மிதக்கும். என் கருத்து, தீவின் உள்பகுதிதான் உண்மையான சாதனை. மிருகங்கள் விலையை ஏற்றுகின்றன.

வெனிஸ்காரர்களின் தீவுப் புத்தகங்கள்?

தீவுகளை மட்டுமே தொகுத்த 'இசோலாரியோ' என்ற புத்தக வகை இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலேயே உண்டு; கிரேக்கத் தீவுகளில் தொடங்கியது. பெனடெட்டோ போர்டோனேயின் 1528 நூல் அதை அட்லாண்டிக்கிற்கும் நீட்டியது. மரக்கட்டை அச்சு, சின்னப் படங்கள், துல்லியம் குறைவு, அழகு அதிகம். 1572இல் போர்காக்கியின் நூல் செப்புத்தகட்டில் வந்தது. செதுக்கியவர் ஜிரோலமோ போர்ரோ. 1690களில் கொரொனெல்லி இரு பெரிய தொகுதிகளோடு அந்த மரபை முடித்துவைத்தார் எனலாம்.

இல்லாத தீவுகளை ஏன் அச்சிட்டார்கள்? ஏமாற்றா?

சிலது ஏமாற்று, சிலது தவறு, மீதி வியாபாரப் பயம்.

அயர்லாந்துக்கு மேற்கே 'பிரேசில்' என்ற வட்டத் தீவு 1325 வாக்கிலிருந்து கைவரைபடங்களில் இருந்தது. தென் அமெரிக்க நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சுருங்கிச் சுருங்கி, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் சில கடல் வரைபடங்களில் 'பிரேசில் பாறை'யாக நின்றது. 'ஃபிரிஸ்லாந்து' 1558இல் வெனிஸில் பிறந்தது. நிக்கோலோ ஜேனோ என்பவர், தன் முன்னோர்கள் 1380களில் வட அட்லாண்டிக்கில் சுற்றியதாக ஒரு நூலும் வரைபடமும் வெளியிட்டார். ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஊர்ப்பெயர்களோடு ஒரு பெரிய தீவு. மெர்காடர் நம்பினார், ஓர்டேலியஸ் நம்பினார். மெர்காடர் இறந்தபின் 1595இல் மகன் ருமோல்ட் வெளியிட்ட அட்லஸில், வட துருவ வரைபடத்தின் மூலையில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சுவையானது 'பஸ்' தீவு. 1578இல் ஆங்கிலக் கடலோடி ஃபிரோபிஷரின் பயணத்திலிருந்து திரும்பிய ஒரு படகு பார்த்ததாகச் சொன்னது. 1670களில் லண்டன் கடல் வரைபட வியாபாரி ஜான் செல்லர் இதற்குத் தனி வரைபடமே வெளியிட்டார். அதில் துறைமுகங்களும் முனைகளும் ரூபர்ட், ஷாஃப்ட்ஸ்பரி என்று ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கில வணிக நிறுவனத்தின் பெரிய மனிதர்கள் பெயரில் இருக்கும். 1675இல் கம்பெனி அந்தத் தீவுக்கு அரசரிடம் உரிமைப் பட்டயமும் வாங்கியது. தீவு மட்டும் இல்லை.

ஏன் நீக்கவில்லை என்றால், நீக்க தகட்டைச் சுரண்ட வேண்டும். பக்கத்துக் கடை வரைபடத்தில் இருக்கும் தீவு உங்களுடையதில் இல்லையென்றால், வாங்குபவர் உங்களுடையதுதான் அரைகுறை என்பார். மாலுமிக்கும், இல்லாத பாறையைக் குறித்தால் நஷ்டம் ஒரு சுற்று வழி. இருக்கும் பாறையை விட்டால் கப்பலே போகும்.

மாலுமிகள் இந்த வரைபடங்களை வைத்தா கப்பல் ஓட்டினார்கள்?

பிளாவின் அட்லஸை வைத்து யாரும் ஓட்டவில்லை. அது வரவேற்பறைப் பொருள். கப்பலுக்குக் கடல் வரைபடம் வேறு: ஆழ எண்கள், திசைக் கோடுகள், கடலிலிருந்து பார்த்தால் தீவு தெரியும் தோற்றம், நங்கூரமிடும் இடம். ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சந்தையை வான் கூலென் குடும்பம் பிடித்தது. 1680 வாக்கில் தொடங்கி 1885 வரை ஒரே நிறுவனம்! கப்பலில் பயன்பட்ட தாள் ஈரத்திலும் கிழிசலிலும் போய்விடும் என்பதால், இன்று சந்தையில் வருபவற்றில் நூல் வடிவில் வீட்டில் இருந்தவையே அதிகம்.

இரண்டுக்கும் நடுவே பயண நூல்கள். லின்ஸ்ஹோடென் என்ற டச்சுக்காரர் கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்தவர். 1589இல் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினாவைப் பார்த்தார். அசோர்ஸின் டெர்செய்ரா தீவில் இரண்டு வருடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார். அங்கே அவர் வரைந்த அங்ரா நகரப் படமும் செயின்ட் ஹெலினா, அசென்ஷன் காட்சிகளும் 1596இல் ஆம்ஸ்டர்டாமில் கொர்னெலிஸ் கிளாஸ் வெளியிட்ட நூலில் வந்தன. போர்ச்சுகீசியர் பூட்டி வைத்த கீழைக் கடல் வழி விவரங்களும் அதே நூலில் இருந்ததால் டச்சு, ஆங்கில வணிகர்கள் அதைக் கையேடாகவே வைத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கும் இந்தத் தீவுகளுக்கும் தொடர்பு உண்டு. மதராசுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் போகும்போது மதீராவில் ஒயின் ஏற்றின; திரும்பும்போது செயின்ட் ஹெலினாவில் தண்ணீர் பிடித்தன. 1815 அக்டோபரில் நெப்போலியன் அங்கே சிறைவைக்கப்பட்டதும் அந்தச் சிறு தீவு திடீரென எல்லோருக்கும் தெரிய வேண்டிய இடமானது. லண்டன் படக்கடைகள் அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடவில்லை.

வரைபடத்தில் தீர்க்கரேகை எண்கள் இன்றைய எண்களோடு ஒத்துப்போகவில்லையே?

லண்டனின் கிரீனிச்சைப் பூஜ்யமாக வைப்பது 1884 மாநாட்டுக்குப் பிறகுதான் பொதுவானது. அதற்கு முன் பூஜ்யம் பல வரைபடங்களில் அட்லாண்டிக் தீவுகளில்தான் இருந்தது. பண்டைய புவியியலாளர் தாலமி காலத்திலிருந்து கேனரிதான் உலகின் மேற்கு எல்லை. 1634இல் பிரான்ஸ் மன்னர் கேனரியின் மேற்குக் கோடியான ஃபெர்ரோ தீவை ஆணையாகவே அறிவித்தார். பிளாவ் தெனெரீஃப் மலையை எடுத்தார். வேறு சிலர் அசோர்ஸை. ஆங்கிலேயர் பின்னால் லண்டனை. எனவே எண்ணை விட, பூஜ்யம் எங்கே என்று பாருங்கள். எந்த ஊர்ப் பட்டறை என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

தாளில் 1626 என்று இருந்தால் அது 1626இல் அச்சானதா?

பெரும்பாலும் இல்லை. அது தகட்டின் பிறந்த ஆண்டு. அச்சான ஆண்டை மூன்று இடங்களில் தேட வேண்டும். ஒன்று, விற்பவர் வரி. இரண்டு, பின்பக்க அச்சு: ஓர்டேலியஸும் பிளாவும் ஒரே தகட்டை லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு விளக்கங்களோடு வெவ்வேறு ஆண்டுகளில் விற்றார்கள். எழுத்து வரிசை, பக்க எண் ஆகியவற்றை வைத்துப் பதிப்பையே சொல்லிவிடும் பட்டியல்கள் உண்டு. மூன்று, தாள்.

18ஆம் நூற்றாண்டு லண்டன் தாள்களில் இது எளிது. 1735இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உரிமை வேண்டுமானால் செதுக்குப் படத்தில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். 1767இல் வரைபடங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. ஃப்ளீட் தெரு 53ஆம் எண் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சேயர், பிறகு சேயரும் பென்னட்டும், மறுபடி சேயர், 1794இல் லாரியும் விட்டிலும். அந்த ஆண்டு மே 12 என்ற ஒரே தேதி ஏராளமான தாள்களில் இருக்கும். அன்றைக்கு அத்தனையும் புதிதாக வரைந்தார்கள் என்று அர்த்தமில்லை, கடை கைமாறிய கணக்கு அது.

நிறம் அந்தக் காலத்ததா?

செப்புத்தகடு கறுப்பில் மட்டும்தான் அச்சிட்டது. நிறம் கையால், அன்றே தீட்டியதும் உண்டு, போன வருடம் தீட்டியதும் உண்டு. பழைய பச்சை தாமிரத்திலிருந்து செய்தது. காலப்போக்கில் பழுப்பாகி, தாளின் பின்பக்கம் வரை ஊறி, சில இடங்களில் தாளையே அரித்திருக்கும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்து முன்பக்கம் மட்டும் பசுமை பொங்கினால் சந்தேகப்படலாம். புது நிறம் குற்றமில்லை. விற்பவர் அதைச் சொல்லாததுதான் குற்றம். நிறமே இல்லாத கடல் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பூதக்கண்ணாடி போதும். கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டு அச்சு. அசலில் மை மேட்டுக்கோடாக நிற்கும், விரலால் லேசாக உணரலாம். வரைபடத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் தாளில் அழுந்திய தடம் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், 1800க்கு முந்திய தாள்களில் பெரும்பாலும் சல்லடைக் கம்பிகளின் இணைகோடுகளும் சில நேரம் காகித ஆலையின் நீர்க்குறியும் தெரியும். அட்லஸிலிருந்து வந்த பெரிய தாளுக்கு நடுவில் மடிப்பு இருக்க வேண்டும். மடிப்பே இல்லாத ஸ்பீட் பெர்முடா கிடைத்தால் ஆனந்தப்படாதீர்கள், ஆராயுங்கள். அந்த வரைபடத்துக்கு அலங்கார நகல்கள் ஏராளம்.

குறைந்த செலவில் எங்கே தொடங்கலாம்?

ஸ்பீட், ஓர்டேலியஸ் பக்கம் முதலில் போகாதீர்கள். பிரெஞ்சுக் கடற்படை வரைபட அலுவலகத்தில் இருந்த பெல்லின், 1764இல் ஐந்து தொகுதிகளாகச் சின்ன அளவில் 580 வரைபடங்கள் போட்டார்; அதற்கு முன் ஒரு பெரிய பயண நூல் வரிசைக்கும் வரைந்தார். மதீரா, கேனரி, கேப் வெர்டே, செயின்ட் ஹெலினா எல்லாம் கிடைக்கும். செதுக்கு வேலை சுத்தம், விலை நியாயம். இந்தத் தொழிலில் குறைவாக மதிக்கப்படுபவர் அவர்தான் என்பேன். அப்புறம் 1851 வாக்கில் ஜான் டாலிஸ் வெளியிட்ட அட்லஸில் அட்லாண்டிக் தீவுகளுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. தீவுக் கூட்டங்கள் தனித்தனிக் கட்டங்களில், நடுநடுவே குட்டிக் காட்சிகள். எஃகுத் தகட்டில் செதுக்கி, எண்ணிக்கையில் நிறைய அச்சிட்டதால் இன்றும் அபூர்வமில்லை.

திருட்டு வரைபடம் என் கையில் வந்துவிடுமோ?

நியாயமான கவலை. 2005இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில், புத்தகங்களிலிருந்து வரைபடங்களை வெட்டி எடுத்த ஒரு பிரபல வியாபாரி பிடிபட்டார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்கள் எடுத்ததாக ஒப்புக்கொண்டார். மறுவருடம் மூன்றரை ஆண்டு சிறை. நூலக முத்திரையைச் சுரண்டிய இடம், அளவுக்கு மீறி வெட்டிய ஓரம், பூச்சி துளைத்த தடம் மூடிய ஒட்டு ஆகியவற்றைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர யோசிக்கும் ஆளிடம் வாங்க வேண்டாம்.

எப்படி வைத்துக்கொள்வது?

அமிலமில்லாத அட்டை, வெயில் படாத சுவர், நீக்கக்கூடிய ஒட்டு. லேமினேஷன் கூடவே கூடாது. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரமும் பூஞ்சையும்தான் முதல் எதிரி, வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

வாங்காமல் பார்க்க முடியுமா?

தாராளமாக. டேவிட் ரம்ஸி தொகுப்பு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிகா, போர்ச்சுகல் தேசிய நூலகம் ஆகியவை இணையத்தில் உயர் தெளிவில் இலவசமாகக் காட்டுகின்றன. ஸ்பீட் பெர்முடாவின் இரண்டு பதிப்புகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கீழே இருக்கும் விற்பவர் வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு பிளாவின் பெர்முடாவை மூன்றாவதாகத் திறந்து, பங்குதாரர் பட்டியலை வரிவரியாக ஒப்பிடுங்கள். பெயர்களின் எழுத்துக் கூட்டல் எங்கெல்லாம் நழுவுகிறது என்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.